செண்பகவல்லி டீச்சர் பிடித்த ஐந்து இடங்கள்

"உக்காந்து படிக்க இந்தக் காலேஜ்ல ஒரு இடம் இல்ல மேடம்" என்றாள் செண்பகவல்லி.

நெறியாளர் ரெஜினா விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

"நூத்தி இருபது ஏக்கர், டீச்சர்."

"ஏக்கர் இருக்கு மேடம். இடம் இல்ல."

ரெஜினாவுக்கு முப்பத்தொரு வயது. செண்பகவல்லிக்கு முப்பத்தெட்டு. அரசு மேல்நிலைப் பள்ளியில் பொருளியல் நடத்துபவள், பகுதி நேரமாக முனைவர் பட்டத்துக்குப் பதிந்திருந்தாள். பதிந்த நாளிலிருந்து இளைய நெறியாளர் அவளை டீச்சர் என்றார். மூத்த மாணவி அவரை மேடம் என்றாள். இருவருக்கும் அது உறுத்தவில்லை.

உறுத்தியது வேறு. ஆய்வு நெறிமுறைத் தாளில் செண்பகவல்லி ஒரு முறை தோற்றிருந்தாள். இன்னொரு முறை தோற்றால் பதிவு ரத்து. தேர்வுக்கு இன்னும் பதினான்கு நாள். அதற்காகவே பள்ளியில் விடுப்புப் போட்டிருந்தாள்.

அங்கே ஸ்டாஃப் ரூமில் அவளை 'டாக்டரம்மா' என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். பதிந்தபோது யாரும் அப்படிக் கூப்பிடவில்லை. தோற்ற பிறகுதான் ஆரம்பித்தார்கள்.

வீட்டில் ஏன் படிக்க முடியாது என்பதை அவள் பத்து நிமிடம் விவரித்தாள். இரண்டு பையன்கள். ஒரு மாமனார். அவருக்குக் காது மந்தம், அதனால் டிவிக்குத் தொண்டை பெரிது.

நூலகத்தை விவரிக்க இன்னொரு பத்து நிமிடம். எட்டு மணிக்குக் கதவு திறக்கிறார்கள். எட்டு ஐந்துக்குப் போனால் எல்லா நாற்காலியிலும் ஏதோ ஒன்று இருக்கிறது. கர்ச்சீப், தண்ணீர் பாட்டில், ஹெல்மெட். ஆட்கள் மட்டும் டீ குடிக்கப் போயிருக்கிறார்கள்.

"ஒரு சீட்டுல வெறும் பாட்டில் மட்டும் பதினோரு மணி வரைக்கும் இருந்துச்சு மேடம்."

"நீங்க?"

"பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

"பதினோரு மணி வரைக்குமா?"



ரெஜினா அடுத்த விடைத்தாளை எடுத்தார்.

மறுநாள் ஏழே முக்காலுக்கே அவள் நூலகப் படியில் நின்றாள். கதவு திறந்ததும் ஓடினாள். ஓடி எத்தனை வருடம் ஆயிற்று என்று ஓடும்போதே யோசித்தாள். ஜன்னலோர நாற்காலி கிடைத்தது.

கர்ச்சீப் போட்டு இடம் பிடிக்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது. பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போடுகிறவர்களை அவள் வாழ்நாள் முழுக்கத் திட்டியிருக்கிறாள். அதனால் முதல் அலகின் நோட்ஸை மேசை மேல் வைத்தாள். அது கௌரவமாக இருந்தது.

பத்து மணிக்கு அந்த நாற்காலியில் வெயில் விழுந்தது.

ஆகவே பத்து மணிக்கு இன்னோர் இடம் தேவைப்பட்டது. தாவரவியல் துறைக்குப் பின்னால், புங்க மரத்தடியில் ஒரு சிமென்ட் பெஞ்சு. இரண்டாம் அலகை அதன் மேல் வைத்து, பறக்காமலிருக்க ஒரு கல்லைத் தூக்கி வைத்தாள்.

பன்னிரண்டு மணிக்கு அந்த மரத்தடியில் முதலாமாண்டுப் பிள்ளைகள் சாப்பாட்டு டப்பாக்களைத் திறப்பார்கள். அந்த நேரத்துக்கு இயற்பியல் கட்டட மாடியில் ஒரு காலி வகுப்பறை. மூன்றாம் அலகு.

இரண்டு மணிக்கு அங்கே வகுப்பு. அந்த நேரத்துக்குக் கலையரங்கத்தின் பக்கவாட்டு வராண்டா. நான்காம் அலகு.

நான்கு மணிக்கு வராண்டாவில் ஆண்டு விழா நடன ஒத்திகை. அந்த நேரத்துக்குக் கேன்டீனின் பின்பக்க மேசை. ஐந்தாம் அலகு.

எல்லாவற்றையும் காலையிலேயே பிடித்தாக வேண்டும். தாமதித்தால் வேறு யாராவது உட்கார்ந்துவிடுவார்கள். ஐந்து இடத்திலும் நோட்ஸை வைத்துவிட்டு அவள் நூலகத்துக்குத் திரும்பும்போது ஒன்பதரை ஆகிவிடும். உட்கார்ந்து மூச்சு வாங்குவதற்குள் வெயில் வந்துவிடும். எழுந்து பெஞ்சுக்குப் போவாள். பெஞ்சில் உட்கார்ந்தால் வகுப்பறை பத்திரமாக இருக்கிறதா என்று மனம் அடித்துக்கொள்ளும். எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வருவாள்.

ஒன்பதாம் நாள் நெறியாளரின் மேசையில் ஒரு பெரிய தாளை விரித்தாள்.

கல்லூரியின் வரைபடம். ஐந்து இடங்கள், ஐந்து நேரங்கள், வெயில் வரும் திசைக்குச் சிவப்பு அம்புக்குறி, இரைச்சலுக்கு நீல வட்டம்.

ரெஜினா அதைச் சாய்த்தும் நிமிர்த்தியும் பார்த்தார். நன்றாக வரைந்திருப்பதாகச் சொன்னார். செண்பகவல்லிக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆனாலும் ஐந்திலும் குறை உண்டு என்று ஆரம்பித்தாள். பெஞ்சில் எறும்பு. வகுப்பறையில் புறா. வராண்டாத் தூண் சரியாக முதுகெலும்பில் குத்துகிறது. கேன்டீனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

"எத்தன அலகு முடிச்சிருக்கீங்க?"

"இப்பத்தான் மேடம் இடம் செட்டாயிருக்கு."

ரெஜினா பேனாவை மூடி வைத்தார்.

"நோட்ஸ எடுங்க. ஏதாவது ஒரு அலகுல ரெண்டு கேள்வி கேக்குறேன்."

செண்பகவல்லி பையைத் திறந்தாள். மதியச் சாப்பாடு, குடை, தலைவலித் தைலம், வரைபடத்தின் ஒரு நகல். நோட்ஸ் எதுவும் இல்லை. எல்லாம் இடம் பிடித்துக்கொண்டிருந்தன.

ரெஜினா நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார். செருப்பை மாட்டினார்.

"வாங்க."

நூலகத்தில் பக்கத்து நாற்காலி இளைஞன், போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவன், பெருமையாக நிமிர்ந்தான். யாரையும் தொட விடவில்லை என்று செண்பகவல்லியிடம் சொன்னான். ரெஜினா முதல் அலகை எடுத்துக்கொண்டார். அவர்கள் கதவுக்குப் போவதற்குள் அந்த நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்து புத்தகத்தை விரித்திருந்தாள்.

"போச்சு" என்றாள் செண்பகவல்லி.

புங்க மரத்தடிப் பெஞ்சின் மறு நுனியில் ஒரு காதல் ஜோடி ஒடுங்கி உட்கார்ந்திருந்தது. ரெஜினா இரண்டாம் அலகை எடுத்தபோது அந்தப் பெண்ணின் முகத்தில் நிம்மதி.

"இது உங்களுதா மேடம்? காத்தடிக்கிறப்பல்லாம் கல்லையும் மீறிப் பறக்குது, நாங்கதான் ஓடிப் போய்ப் பொறுக்கிட்டு வந்து வைக்கிறோம். ஒரு வாரமா நிம்மதியா ரெண்டு வார்த்த பேச முடியல."

செண்பகவல்லி மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வகுப்பறையில் மூன்றாம் அலகின் பின்பக்கத்தில் யாரோ பெருக்கலும் வட்டமுமாகக் கட்டம் போட்டு விளையாடியிருந்தார்கள். பதினேழு ஆட்டம். வட்டம்தான் அதிகம் ஜெயித்திருந்தது. வராண்டாவில் நான்காம் அலகின் மேல் நடன மாணவிகள் சலங்கையைக் கழற்றி வைத்திருந்தார்கள்.

கேன்டீனில் ஐந்தாம் அலகின் மேல் வடைத் தட்டு இருந்தது. எண்ணெய் இறங்கி நான்கைந்து பக்கங்கள் கண்ணாடி மாதிரி ஆகியிருந்தன. கேன்டீன்காரர் தட்டை எடுத்துவிட்டு அந்தத் தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"நல்லதாப் போச்சு டீச்சர். இனிமே ரெண்டு பக்கத்தையும் ஒரே நேரத்துல படிச்சிரலாம்."

ரெஜினா ஐந்து அலகு நோட்ஸையும் தட்டி அடுக்கி, செண்பகவல்லியின் கையில் கொடுத்தார். திரும்பி நடந்தார்.

செண்பகவல்லி பின்னாலேயே வந்தாள். நாயாக அலைந்து பிடித்த இடங்கள் என்றாள். முக்கால் மணி நேரத்தில் ஐந்தும் போய்விட்டது என்றாள். தேர்வுக்கு ஐந்து நாள்தான் இருக்கிறது என்றாள். கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள். எதிரே வந்த மாணவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

"இனிமே நான் எங்க மேடம் உக்கார்றது?"

ரெஜினா தன் அறைக் கதவைத் திறந்தார். மேசையிலிருந்த விடைத்தாள் கட்டுகளை இரண்டு கையாலும் அள்ளினார். வெளியே கொண்டுபோய் வராண்டாவில் கிடந்த மரப் பெஞ்சில் போட்டார். திரும்பி வந்து தொலைபேசியின் ஒயரைப் பிடுங்கினார்.

"பரீட்ச வரைக்கும் இது உங்க ரூம்."

"நீங்க?"

"வெளிய."

செண்பகவல்லி அறையைச் சுற்றிப் பார்த்தாள். வடக்குப் பார்த்த ஜன்னல். சத்தம் போடாத ஃபேன். அகலமான மேசை. எறும்பு இல்லை, புறா இல்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஏழு நிமிடத்தில் வெளியே வந்தாள். ஃபேன் வேகத்தில் தாள் பறக்கிறது என்றாள்.

ரெகுலேட்டர் கதவுக்குப் பின்னால் இருப்பதாக ரெஜினா சொன்னார்.

அடுத்து வந்தபோது கடிகாரம் டிக் டிக் என்கிறது என்றாள். ரெஜினா உள்ளே போய்க் கடிகாரத்தைக் கழற்றி, பேட்டரியை எடுத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்தார்.

மூன்றாம் முறை, எழுதும்போது கை நிழல் தாளில் விழுகிறது என்றாள். இருவரும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து மேசையைத் திருப்பிப் போட்டார்கள். மேசை கனம். ரெஜினாவின் கட்டைவிரல் நசுங்கியது. அவர் விரலை உதறிக்கொண்டே வெளியே போனார்.

நான்காம் முறை கதவு திறந்தது. செண்பகவல்லி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இப்ப என்ன டீச்சர்?" ரெஜினாவின் குரல் ஏறியிருந்தது.

செண்பகவல்லி திரும்பி அறையைப் பார்த்தாள். ஃபேன் மெதுவாகச் சுற்றியது. ஒரு தாளும் பறக்கவில்லை. வெளிச்சம் சரியான பக்கத்திலிருந்து விழுந்தது. மூலை மூலையாகக் குறை தேடினாள்.

"ஒண்ணும் இல்ல மேடம். எல்லாம் சரியாத்தான் இருக்கு."

"அப்புறம்?"

வராண்டாவில் ஒருவன் பைக் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு போனான். அவன் படியிறங்கும் வரை அவள் காத்திருந்தாள்.

"போன தடவ படிக்க இடமில்லாமத்தான் போச்சுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். வீட்டுலயும், ஸ்கூல்லயும்." நிறுத்தினாள். "இங்க உக்காந்து படிச்சும் போச்சுன்னா, அப்புறம் சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல மேடம். பயமா இருக்கு."

ரெஜினா நசுங்கிய விரலைத் தடவிக்கொண்டு அவளையே பார்த்தார்.

"அதையும் உள்ள கூட்டிட்டுப் போங்க டீச்சர். ரெண்டு நாற்காலி இருக்கு."