அடியைத் தொட்ட கம்பி

டங்.

முதலில் கேட்பது அந்தச் சத்தம்தான். மூடிய அண்டாவுக்குள் கரண்டி விழுந்த மாதிரி, தரைக்கு அடியிலிருந்து வரும். அதைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தால்தான் சூசை அண்ணாச்சி கண்ணில் படுவார். பெட்ரோல் பங்க்கின் டீசல் தொட்டி மண்ணுக்குள் புதைந்திருந்தது. அதன் வாய்க்குழாய் வழியாகப் பித்தளைக் கம்பியை விட்டு, காலையில் மட்டம் பார்ப்பது அவர் வேலை.

அதற்கு டிப் கம்பி என்று பேர். ஆளைப் போல இரண்டு மடங்கு உயரம், உடம்பெல்லாம் அளவுக்கோடு. "என் மேலே ஒரு பொய்க்கோடு காட்டு பாப்போம்" என்று பீற்றிக்கொள்ளும். பத்தொன்பது வருஷம் அப்படிப் போனது. பிறகு பங்க்கை மூடிவிட்டார்கள். தொட்டி, அடியில் மிச்சமிருந்த டீசலோடு மண்ணுக்குள்ளேயே கிடந்தது. சூசை அங்கேயே வாட்ச்மேனாகத் தங்கினார். கம்பி சுவரில் சாய்ந்து நின்றது.

சுவருக்கு அந்தப் பக்கம் வள்ளிமயிலின் இட்லிக் கடை. கடையின் பின்னால் ஒரு கிணறு. சில வருஷமாகவே அதன் தண்ணீரில் வாடை. இப்போது அரிசி ஊறப்போட்டால் மாவே டீசல் மணத்தது. பஞ்சாயத்தில் கெடு வைத்துவிட்டார்கள். வாடை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் அதை நிறுத்தி, கிணற்றை இறைத்துச் சுத்தம் செய்து பார்க்கலாம். தெரியாவிட்டால் வெள்ளிக்கிழமை கல்லைக் கொட்டி மூடிவிடுவார்கள்.

"என் ஊத்துலதான் ஏதோ கோளாறு" என்றது கிணறு. யாராவது எட்டிப் பார்த்தால் அதற்குக் கூசியது.

"இருக்கும், இருக்கும்" என்றது கம்பி சுவருக்கு மேலிருந்து. "வயசானா அப்படித்தான்."

புதன்கிழமை, மண் சோதிக்கும் பர்வீன் வந்தாள். ஒரு துளைப்பான், ஒரு பெட்டி நிறையக் கண்ணாடி ஜாடிகள். தெருப் பக்கம் துளைத்த மண் சுத்தமாக வந்தது. கிணற்றுப் பக்கம் துளைத்த மண் கறுத்துப்போய் வந்தது. அதை அடைத்த ஜாடியின் மூடியைத் திறந்ததும் பர்வீன் மூக்கைப் பொத்தினாள்.

"ஏய், குடிச்சிருக்கியா?" என்றது துளைப்பான்.

"நான் குடிக்கலை, ஊத்தினாங்க" என்றது ஜாடிக்குள்ளிருந்த மண். "சொட்டுச் சொட்டா, வருஷக்கணக்கா. வாயைப் பொத்திக்க எனக்குக் கையா இருக்கு?"

"யாரு ஊத்தினது?"

"மேலேருந்து வந்துச்சு. முகம் தெரியலை."

கம்பி முந்திக்கொண்டது. "தெரியாம என்ன? அந்தத் தொட்டிதான். வயிறு மட்டும் பெருசு, அடக்கம் கிடையாது."

மண்ணுக்குள்ளிருந்து தொட்டி மெல்லச் சொன்னது: "வலி இருந்துச்சு. எங்கேன்னு சொல்லத் தெரியலை. நீதானே தினம் வந்து போனே? பங்க் லீவு விட்ட நாள்லயும் மட்டம் ஒரு நூல் குறைஞ்சிருந்துதே, பாக்கலையா?"

"பாத்தேன். காட்டினேன். வெயில்ல ஆவியாயிருக்கும்னு சூசைதான் சொன்னாரு. காட்டுறதோட என் வேலை முடிஞ்சுது."

வியாழக்கிழமை கிரேன் வந்து தொட்டியைத் தூக்கியது. பர்வீன் டார்ச் அடித்து ஒவ்வொரு இடமாகத் தடவிப் பார்த்தாள். பக்கவாட்டில் மேல்துரு மட்டும்தான். வெல்டிங் எல்லாம் திடமாக இருந்தது. அடிவயிற்றுக்கு வந்தபோது கை நின்றது. புளியங்கொட்டை அளவு ஓட்டை ஒன்று. அதைச் சுற்றித் தகடு தேய்ந்து குழிந்திருந்தது. அவள் நிமிர்ந்தாள். ஓட்டைக்கு நேர் மேலே வாய்க்குழாய்.

"அண்ணாச்சி, கம்பியை எப்படி இறக்குவீங்க?"

"இறக்குறது எங்க மேடம்? மேலேருந்து விட்டுருவேன். சத்தம் கேட்டாத்தானே அடியைத் தொட்டுச்சுன்னு தெரியும்? சரியாக் கேக்கலைன்னா இன்னொருக்க விடுவேன்."

"தினமுமா?"

"ஞாயித்துக்கிழமைகூடத் தவறினதில்லை" என்றார் சூசை. சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

"அடியில இடி தாங்க ஒரு தகடு வைக்கணும். வச்சிருந்தாங்களா?"

"அப்படி ஒண்ணு வேற இருக்கா?"

பர்வீன் கம்பியை எடுத்து வந்து அதன் நுனியை ஓட்டையில் வைத்தாள். கச்சிதமாகப் பொருந்தியது.

சூசை கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அதை எங்கே வைப்பது என்று தெரியாதவர் போல.

"நான் ஒரு தடவைகூடப் பொய் சொன்னதில்லை" என்றது கம்பி. அதன் குரல் அதற்கே கேட்கவில்லை.

"சொன்னதில்லைதான்" என்றது மண். "உண்மையைச் சொல்ல வந்து வந்து இடிச்ச இடிதான் இது."

 

சூசை கம்பியைத் தோளில் வைத்துக்கொண்டு இட்லிக் கடைக்குப் போனார். போகிற வழியில் கிணறு கேட்டது: "அப்போ நான் கெட்டுப் போகலையா?" கம்பி வேறு பக்கம் பார்த்தது. தோளில் கிடந்த கம்பிக்கு வேறு பக்கமும் இல்லை.

"கிணத்தை மூட மாட்டாங்க தாயி" என்றார் சூசை. "எங்கேருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சுபோச்சு. நாந்தான்."

வள்ளிமயில் கரண்டியை வைத்துவிட்டு முழுவதையும் கேட்டாள்.

"ஏன் அண்ணாச்சி, பத்தொம்பது வருஷமா ஆறு இட்லியைத் தின்னுட்டு, ஏழாவதா என் கிணத்தையும் தின்னீங்களாக்கும்?"

"தெரியாமத்தான் செஞ்சேன்."

"தெரிஞ்சா செய்வாக?" அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "தண்ணி சுத்தமாக எத்தனை நாளாகுமாம்?"

"ரெண்டு வருஷம் ஆகலாம்னு அந்த மேடம் சொன்னாக."

"ரெண்டு வருஷம்." அவள் எழுந்தாள். "தெருக்குழாய்ல தண்ணி வந்திருச்சு. அந்தக் குடத்தை எடுங்க."

சூசை குடத்தை எடுத்துக்கொண்டு போனார். வள்ளிமயில் கம்பியை வாங்கி, கொல்லையில் இருந்த இரண்டு கவைக்கம்புகளின் மேல் குறுக்கே வைத்தாள். இட்லித் துணிகளைப் பிழிந்து, அளவுக்கோடுகளெல்லாம் மறையும்படி அதன்மேல் வரிசையாக உலர்த்தினாள். ஈரம் சொட்டியது. கம்பி அசையாமல் தாங்கிக்கொண்டிருந்தது.

சூசை குழாய்த் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்ததும் அவள் நாளைக்கான உளுந்தைக் களைய உட்கார்ந்தாள்.