முள்ளில் குத்திய இலை

ஓடைக்கரைப் புதருக்குள் முள்ளம்பன்றி வாத்தியார் பள்ளிக்கூடம் நடத்தினார். அங்கே வீட்டுப்பாடம் ஒன்றே ஒன்றுதான். மாலையில் வீடு திரும்பும்போது வழியிலுள்ள ஏதாவது ஒரு மரத்தின் இலையைப் பறித்து, கசக்கி முகர்ந்து பார்க்க வேண்டும். மறுநாள் காலை அதை வாத்தியாரின் முதுகு முள்ளில் குத்திவிட்டு, மரத்தின் பெயரைச் சொல்லி உட்கார வேண்டும்.

செவந்தி முயலுக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. அவளுடைய ஒரே குட்டி பஞ்சு. பிள்ளை கண்ட புதரிலும் கையை விட்டால் என்ன ஆவது? ஞாயிற்றுக்கிழமையே அவள் கிளம்பிப் போய் வாரம் முழுவதற்கும் இலை பறித்தாள். ஒவ்வொன்றாக முகர்ந்து, தூசி துடைத்து, வாடாமல் ஈரப்பாசிக்குள் வைத்தாள்.

"எங்கே, சொல்லு பஞ்சு!"

"திங்கள் நொச்சி, செவ்வாய் நாரத்தை, புதன் வேம்பு, வியாழன் வில்வம், வெள்ளி புங்கம்!"

"என் தங்கம்!"

வகுப்பிலேயே பளபளப்பான இலை பஞ்சுவுடையதுதான். பக்கத்து வளைப் பெருச்சாளிக் குட்டி தொப்பை கொண்டுவருவது எப்போதும் கிழிந்திருக்கும்.

"என்னடா தொப்பை, வீட்டுப்பாடத்துல பாதியைத் தின்னுட்டியா?" என்று செவந்தி சிரித்தாள்.

"ருசி பார்த்தேன் அத்தை. ஒரே கசப்பு. வேம்பேதான்!"

வாத்தியார் ஒருநாள் கேட்டார்: "செவந்தி, இலையைக் குட்டிதான் பறிக்குதா?"

"வேற யாரு சார் பறிப்பா?"

வாத்தியார் அந்த இலையின் பளபளப்பை ஒருமுறை பார்த்துவிட்டு அடுத்த குட்டியைக் கூப்பிட்டார்.

ஒரு வியாழக்கிழமை மாலை, பஞ்சுவை அழைத்துக்கொண்டு செவந்தி பாதி வழி வந்திருப்பாள். மூடுபனி இறங்கியது. முன்னங்கால் கூடத் தெரியவில்லை. ஓடைப் பக்கம் நரி இருமியது. இருவரும் ஆளுக்கொரு திசையில் பாய்ந்தார்கள்.

செவந்திக்கு வீடு வந்து சேருவதில் சிரமமே இல்லை. நாரத்தை வாசம் வந்த இடத்தில் திரும்பினாள், நொச்சி வாசம் வந்ததும் இறங்கினாள், வளை வந்துவிட்டது. பஞ்சு வரவில்லை. கூப்பிடலாம் என்றால் நரிக்கும் காது உண்டு. வளை வாசலில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பஞ்சுவுக்கு மரங்களின் பெயர் தெரியும். வாசம் தெரியாது. அது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

வெகுநேரம் கழித்துப் பனிக்குள்ளிருந்து ஒரு வால் தெரிந்தது. வாலைப் பிடித்தபடி பஞ்சு!

"நல்லவேளை அத்தை, நான் பின்னால வந்தேன்" என்றான் தொப்பை. "இவன் நாரத்தை இலையைக் கையில வெச்சுக்கிட்டு, 'இன்னைக்கு வியாழன், அதனால இது வில்வம், இங்க திரும்பக் கூடாது'னு நரி இருந்த பக்கமே போறான்! கிழமை பார்த்தா மரம் வளரும்?"

செவந்தியால் சிரிக்க முடியவில்லை. பாசிக்குள் மிச்சமிருந்த இலையை எடுத்து வெளியே எறிந்தாள். "நாளைக்கு வேண்டியதை நீயே பறிச்சுக்கடா" என்றாள்.

மறுநாள் பஞ்சு முள்ளில் குத்திய இலை நசுங்கி, சேறு படிந்து, ஓரம் மடங்கியிருந்தது. அதை நீவிவிட, கூட வந்திருந்த செவந்தியின் கை நீண்டது. பிறகு தானாகவே பின்வாங்கியது.

"என்ன இலை இது?" என்றார் வாத்தியார்.

"வெள்ளி, புங்..." என்று தொடங்கிய பஞ்சு நிறுத்தினான். எட்டி, மூக்கை இலையில் வைத்து முகர்ந்தான். "இல்ல சார், நொச்சி!"

"உட்கார்" என்றார் வாத்தியார்.

பிள்ளையின் வீட்டுப்பாடத்தைப் பெற்றோர் செய்தால், பாராட்டு பிள்ளைக்குக் கிடைக்கும். பாடமோ பெற்றோரிடமே தங்கிவிடும்.