வாசலைத் தாண்டிய நாற்காலி

“நன்றி கெட்ட ஜனங்க, டீச்சர்!”

துரைக்கண்ணு செருப்பைக்கூடக் கழற்றாமல் வகுப்பறைக்குள் வந்தார்.

மங்கையர்க்கரசி அவரைவிடப் பத்து வயது சின்னவள். ஆனாலும் கம்ப்யூட்டரில் நிரல் எழுதச் சொல்லிக்கொடுத்தவள். அதனால் அவருக்கு அவள் டீச்சர்தான்.

“யாரண்ணே?”

“டெவலப்பருங்கதான். மூணு ஊர்ல கூட்டம் போட்டு நம்ம ‘பலகை’யை அறிமுகம் பண்ணேன். ஓப்பன் சோர்ஸ், நிரல் பூரா திறந்து கிடக்கு, யாரு வேணாலும் திருத்தலாம்னு தொண்டை வத்தக் கத்துனேன். வடையைத் தின்னுட்டுப் போயிட்டாங்க. ஒருத்தர், ஒரே ஒருத்தர், ஒரு வரியைத் தொடலை!”

அவர் கொதித்ததிலும் நியாயம் இருந்தது. எழுதினதை, எடுத்த படத்தை வலைத்தளத்தில் ஏற்றி அடுக்கி வைக்கிற மென்பொருள் அது. இருநூறு சின்ன நூலகங்கள் அதை நம்பித்தான் தளம் நடத்தின. பார்த்துக்கொள்ள இவர் ஒருவர்தான் மிச்சம். இவருக்கோ கண் மங்கிக்கொண்டே வந்தது.

“நாளைக்குக் கடைசிக் கூட்டம். அதுலயும் யாரும் சேரலைன்னா இழுத்து மூடிடுவேன். சாமி சத்தியமா மூடிடுவேன்.”

“கூட்டத்துல என்னண்ணே பேசுறீங்க? என்னை டெவலப்பரா நினைச்சு அப்படியே பேசுங்க.”

அவர் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

“வணக்கம். பலகை எங்களோட மென்பொருள்.”

அவள் எழுந்து நாற்காலியைப் பின்னால் தள்ளிப் போட்டாள்.

“நாங்க பத்து வருஷமா இதை வளர்த்தோம்.”

இன்னும் கொஞ்சம் தள்ளினாள்.

“எங்க நிரலை நீங்க திருத்தலாம். திருத்தி எங்களுக்கு அனுப்பலாம்.”

நாற்காலி வாசலைத் தாண்டிவிட்டது.

“என்ன டீச்சர் விளையாட்டு? நானே வயித்தெரிச்சலோட வந்திருக்கேன்!”

“உங்க வீட்டு விசேஷம். அதுல நான் எதுக்குண்ணே குறுக்க? நடத்துங்க.”

வெளியிலிருந்து கதவைச் சாத்திவிட்டாள்.

துரைக்கண்ணுவுக்கு முகம் சிவந்துபோயிற்று. பத்து வருஷம் உழைத்தவன் ‘எங்க’ என்று சொல்லக் கூடாதா? சாத்தின கதவைப் பார்த்து அதையே கத்தியும் பார்த்தார்.

கதவு திறக்கவில்லை.

சரி என்று முதலிலிருந்து ஆரம்பித்தார்.

“பலகை எங்க...”

நாக்கு நின்றது.

மறுநாள் கூட்டத்தில் வணக்கம் சொன்ன கையோடு திரையில் ஒரு பட்டியலைத் திறந்தார்.

“பாருங்க, நம்ம பலகையில அகரவரிசை தப்பா வருது. ‘மலர்’னு ஒரு புஸ்தகம். அதுக்கு முன்னாடி ‘மறம்’ வந்து நிக்குது. நாம என்ன பண்ணலாம்?”



கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் விருட்டென்று எழுந்து வந்தாள்.

“என்ன சார் அநியாயம் இது? லகரத்துக்கு அப்புறந்தானே றகரம்? நம்மளுதுல இப்படி ஒரு தப்பை இத்தனை வருஷமா யாரு சார் விட்டு வச்சது? நகருங்க, நான் பாக்குறேன்!”