எந்த ரெண்டு?

"முப்பத்தெட்டு," என்றாள் வைத்தியச்சி பூங்காவனம். "நாலு மணி பஸ்ஸுக்குக் கிளம்பிருங்க, அண்ணே."

சடையாண்டி நகரவில்லை.

"எந்த ரெண்டு?"

"என்னது?"

"நாப்பதுல ரெண்டு தப்புன்னு சொல்றீங்கல்ல? எந்த ரெண்டு?"

"அதைச் சொல்ற வழக்கம் இல்ல."

"தாளைக் காட்டுங்க. நானே பாத்துக்கறேன்."

"காட்டுற வழக்கமும் இல்ல."

மருந்துச்சாலையில் பரீட்சை வருஷத்துக்கு ஒருதரம்தான். நாற்பது தேங்காய்ச் சிரட்டைகளில் நாற்பது இலைகள். ஒவ்வொன்றின் முன்னாலும் தரையில் சுண்ணாம்பால் ஓர் எண். பார்த்து, தொட்டு, மோந்து, பெயரை எழுத வேண்டும். நாற்பதும் சரியென்றால் உரலைத் தொடலாம், மருந்து இடிக்கலாம், ஊருக்குப் போய் வைத்தியம் பார்க்கலாம். ஒன்று தப்பானாலும் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். திருத்திய தாள்கள் கஷாய அடுப்புக்குப் போகும். வைத்தியச்சியின் அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். வருஷா வருஷம் அதே நாற்பது, அதே வரிசை. தாள் வெளியே போனால் அடுத்து வருகிறவன் மனப்பாடம் பண்ணிவிடுவான், அதனால் எரிப்பது. வரிசையை மாற்றி வைத்தால் போதுமே என்று யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியவனும் வாயைத் திறக்கவில்லை.

சடையாண்டிக்கு நாற்பத்தோரு வயது. வைத்தியச்சியை விடப் பன்னிரண்டு வயது மூத்தவர். மலைமேல் பதினோரு வீடுள்ள ஊர் அவருடையது. காய்ச்சல் வந்தால் கட்டிலோடு தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும். "நீ போய்க் கத்துக்கிட்டு வா, உன் காட்டை நாங்க பாத்துக்கறோம்" என்று ஊரே சொல்லி அனுப்பியது. இரண்டு வருஷம் பார்த்தும் கொண்டது. இப்போது பதினோரு வாசலிலும் நின்று முப்பத்தெட்டு என்று சொல்ல வேண்டும்.

"சரி, மறுபடி எழுதறேன்," என்றார்.

"தப்பான மருந்தைக் குடிச்சவன் மறுபடி குடிக்க வருவானா, அண்ணே?"

"வரமாட்டான். அதனாலதானே இங்க பரீட்சை வைக்கிறீங்க? தப்பெல்லாம் இங்கயே நடந்து முடியட்டும்னு."

வைத்தியச்சி அவரைப் பார்த்தாள். கோபம் மாதிரி இல்லை. ஏதோ புது இலையைப் பார்ப்பது போல இருந்தது.

உரலடியிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. தவமணி. இருபத்து நாலு வயது. நேற்று மத்தியானம் சடையாண்டிக்குப் பக்கத்துப் பலகையில் உட்கார்ந்து எழுதியவன். நாற்பதுக்கு நாற்பது.

"அண்ணே, பஸ்ஸுல ஜன்னலோரமா உக்காருங்க. வாந்தி வந்தா என்ன இலைன்னு உங்களுக்குத் தெரியாதுல்ல!"

"நீ இடிக்கிற வேலையைப் பாரு," என்றாள் வைத்தியச்சி.

அந்த நேரம் இருமிக்கொண்டே ஒரு கிழவர் வந்து வாசலில் உட்கார்ந்தார். நெஞ்சில் சளி கரகரத்தது.

"பஸ்ஸுக்கு நேரமிருக்கு," என்றாள் வைத்தியச்சி. "ஆடாதோடை நாலு இலை பறிச்சுட்டு வாங்க, அண்ணே."

வேலியோரம் ஆடாதோடை புதராக நிற்கிறது. சடையாண்டி இரண்டு வருஷமாகக் கண்ணை மூடிக்கொண்டு பறித்த செடி. இன்றைக்குக் கை போகவில்லை. இலையைத் திருப்பினார். கசக்கி மோந்தார். நுனியைக் கடித்துத் துப்பினார். அந்த இரண்டில் இதுவும் ஒன்றாக இருந்தால்? வாசலில் கிழவர் இருமிக்கொண்டே இருந்தார்.

திரும்பி வர ரொம்ப நேரமாகிவிட்டது.

"ஏன் இவ்வளவு நேரம்?"

"சந்தேகம்."

"இதுலயா?"

"எல்லாத்துலயும்."

வைத்தியச்சி இலையை வாங்கிக்கொண்டாள். "தாளைக் குடுத்திருந்தா அந்த ரெண்டை மட்டும் திரும்பப் படிச்சிருப்பீங்க. மிச்ச முப்பத்தெட்டையும் கண்ணை மூடிக்கிட்டு நம்பியிருப்பீங்க. இப்ப நாப்பதையும் மோந்து பாக்கறீங்க. எங்கப்பா ஏன் எரிச்சாருன்னு தெரியுதா?"

சடையாண்டி யோசித்தார். பொய் சொல்வானேன், அது சரியாகத்தான் பட்டது. இருந்தாலும் ஒன்று உறுத்தியது.

"அப்ப நாப்பது வாங்குனவன் எதை மோந்து பாப்பான், அம்மா?"

வைத்தியச்சி உள்ளே திரும்பினாள். அலமாரியிலிருந்து நூல் கட்டிய தாள் கட்டை எடுத்து நீட்டினாள்.

"போறதுக்கு முன்னாடி இதை அடுப்புல போட்டுருங்க. பிரிக்காதீங்க."

அடுப்பு நன்றாக எரிந்தது. கஷாயம் தளதளவென்று கொதித்தது. சடையாண்டி தாள் கட்டை நெருப்புக்கு நேராக நீட்டினார். கையில் சூடு பட்டது. இழுத்துக்கொண்டார். பிறகு முடிச்சை அவிழ்த்தார். அவிழ்க்கக் கூடாதுதான். அவிழ்த்தார்.

மொத்தம் ஆறு தாள். அவருடையது நாலாவது. பதினேழிலும் பதினெட்டிலும் சிவப்பு மையில் பெருக்கல் குறி.

பதினேழு, எருக்கு. பதினெட்டு, நொச்சி.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எருக்கையும் நொச்சியையும் கண் தெரியாதவன்கூடத் தடவிப் பார்த்துச் சொல்லிவிடுவான். ஒன்று தடித்த இலை, கிள்ளினால் பால் வரும். மற்றது ஐந்து விரல் விரித்த மாதிரி இருக்கும். இதிலா தப்பு?

பக்கத்திலிருந்த தவமணியின் தாளைப் பார்த்தார். பதினேழு, நொச்சி. பதினெட்டு, எருக்கு. இரண்டுக்கும் சரி என்று போட்டிருந்தது.

நேரே பரீட்சைக் கூடத்துக்குப் போனார். நேற்றைய சிரட்டைகள் இன்னும் அப்படியே இருந்தன. தாள் எரிந்த பிறகுதான் அவற்றை எடுப்பது வழக்கம். பதினேழாவது சிரட்டையைத் தூக்கினார்.

எருக்கு.

இரண்டு சிரட்டைகளையும் இரண்டு தாள்களையும் கொண்டுபோய் வைத்தியச்சியின் முன்னால் வைத்தார்.

"பிரிக்காதீங்கன்னு சொன்னேன்."

"பிரிச்சுட்டேன். பாருங்க."

அவள் பார்த்தாள். தாளைப் பார்த்தாள், இலையைப் பார்த்தாள், மறுபடி தாளைப் பார்த்தாள்.

"தவமணி, இங்க வா. இது என்ன?"

"எருக்கு, அம்மா."

"நேத்து பதினேழாவது சிரட்டையில இருந்தது இதுதான். நீ நொச்சின்னு எழுதியிருக்க."

தவமணி தலையைச் சொறிந்தான். "பதினேழு நொச்சிதானே, அம்மா? எப்பவும்?"

"யார் சொன்னா?"

"எங்க பெரியப்பா மகன். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி இங்க பாஸாகிப் போனவரு. வரிசையைப் பாட்டு மாதிரி சொல்லிக் குடுத்தாரு."

"இலையைப் பாத்தியா?"

அவன் காலால் தரையைத் தேய்த்தான்.

தாளைத்தான் எரித்தார்கள். வரிசை எரியவில்லை.

வைத்தியச்சி இரண்டு சிரட்டைகளையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள். "நேத்து மத்தியானம் ரெண்டு சிரட்டையில இலை வாடிப் போயிருந்துச்சு. நான்தான் புதுசா வெச்சேன். மாத்தி வெச்சிருக்கேன்."

"திருத்தும்போது?"

"நம்பரைத்தான் பாத்தேன்."

"இலையை?"

"பாக்கல."

சடையாண்டி ஓர் அடி முன்னால் வந்தார். "அப்ப எனக்கு நாப்பதா, அம்மா?"

அவள் எழுந்து பரீட்சைக் கூடத்துக்குப் போய், எழுதுகிறவர்கள் உட்காரும் பலகையில் உட்கார்ந்தாள். சம்மணம் போட்டு, மடியில் ஒரு வெள்ளைத் தாளை வைத்துக்கொண்டாள்.

"கலைச்சு வைங்க," என்றாள்.

"என்னம்மா இது?"

"பதினாறு வயசுல ஒருதரம் எழுதுனேன். அப்பா பாஸ்னு சொன்னாரு. தாளை எரிச்சுட்டாரு. அதுக்கப்புறம் யாரும் என்னைக் கேட்டதில்ல. கலைச்சு வைங்க, அண்ணே."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சடையாண்டி, எடுத்துப்போன இரண்டையும் சேர்த்து, நாற்பது சிரட்டைகளையும் இடம் மாற்றி வைத்தார். எது எங்கே என்று தனியாக ஒரு தாளில் எழுதிக்கொண்டார். அவள் எழுத ஆரம்பித்தாள். வேகமாக எழுதினாள். முதல் சிரட்டைகளைத் தொட்டுப் பார்த்தாள். போகப் போகத் தொடவில்லை.

வெளியே பஸ் ஹாரன் அடித்தது. இரண்டு தரம். தவமணி சடையாண்டியைப் பார்த்தான். சடையாண்டி அசையவில்லை. பஸ் போய்விட்டது.

தாளை நீட்டினாள். கூடவே சிவப்புப் பேனாவையும் கொடுத்தாள்.

சடையாண்டி திருத்தினார். எண்ணைப் பார்த்து, எழுந்து போய் இலையைப் பார்த்து, வந்து குறி போட்டார். நாற்பதுக்கும் அப்படியே. முடித்ததும் ஒரு தரம் கூட்டினார். நம்ப முடியாமல் இன்னொரு தரம் கூட்டினார்.

"சொல்லுங்க," என்றாள்.

"அம்மா..."

"சொல்லுங்க, அண்ணே."

"முப்பத்தெட்டு."

தவமணிக்குச் சிரிப்பு வரவில்லை. வாசலில் கிழவர்கூட இருமலை அடக்கிக்கொண்ட மாதிரி இருந்தது.

வைத்தியச்சி சிவப்புப் பேனாவை வாங்கிக் கீழே வைத்தாள். பிறகு கேட்டாள்.

"எந்த ரெண்டு?"

சடையாண்டி தாளை அவளிடம் நீட்டினார். அவள் வாங்கிப் பார்த்தாள். ஒன்பதாவது சிரட்டையையும் இருபத்தாறாவது சிரட்டையையும் எடுத்துவரச் சொன்னாள். ஒன்று துளசி, மற்றது நாய்த்துளசி. மாற்றி எழுதியிருந்தாள்.

"வாடிப் போயிருந்துச்சு," என்றாள்.

"வாடுனாலும் துளசி துளசி மாதிரிதான் மணக்கும், அம்மா."

அவள் ஒன்றை மூக்கருகே கொண்டுபோனாள். பிறகு மற்றதை. மறுபடி முதலாவதை. அவ்வளவு நேரம் ஒரு துளசி இலையை யாரும் மோந்து சடையாண்டி பார்த்ததில்லை.

"மோந்து பாக்கல," என்றாள்.

"தெரியுது."

"நாளைக்குக் காலைல ஆறு பேரும் திரும்ப எழுதட்டும். மத்தவங்களுக்கு வரிசையை நீங்க வைங்க. நீங்க எழுதறப்ப மட்டும் நான் கலைச்சு வைக்கிறேன். தவமணி, உலக்கையைக் கீழ வை."

தவமணி வைத்தான்.

"நீங்க, அம்மா?"

"நான் ஏழாவது."

எழுந்து சேலையை உதறிக்கொண்டாள். சிவப்புக் குறி போட்ட தன் தாளை ஒருதரம் பார்த்துவிட்டு, பழக்கத்தில் சடையாண்டியிடமே நீட்டினாள்.

"இதை அடுப்புல போட்டுருங்க, அண்ணே."

அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. சடையாண்டி தாளை நாலாக மடித்தார். போடவில்லை.