குழம்புச் சட்டிக்கு விலங்கு

“வழி விடுங்கள்! கைதி வருகிறது!”

விகடகவி வெள்ளியம்பலம் அரசவைக்குள் ஓடிவந்தான். அவன் இழுத்துவந்த சங்கிலியின் மறுமுனையில் ஒரு குழம்புச் சட்டி, கல்தரையில் கடகடவென்று உருண்டது. சூரியன் விழ இன்னும் ஒரு பனை உயரம்தான் பாக்கி.

முன்னொரு காலத்து ராஜ்ஜியம் அது. ஊர்ச் செய்தியெல்லாம் முரசில்தான் வரும். முரசறைபவனுக்கு வாசகம் எழுதிக் கொடுப்பவர் முரசமைச்சர் அனந்தராயர். அன்று காலை வந்த செய்தி இது:

“ஆறிய குழம்பால் பூசல்! குமுதவல்லியின் கை முறிந்தது! கணவனைத் தவிக்கவிட்டு ஓட்டம்!”

ஓடியவள் அந்தப்புரத்தில் அடைக்கலம் புகுந்திருந்தாள். அயலூர்ப் பெண், அரண்மனையில் யாருக்கும் அவளைத் தெரியாது. பயத்தில் புருஷன் பெயரைக்கூட அவள் சொல்லவில்லை.

“குழம்புச் சண்டைக்கெல்லாம் குடும்பம் பிரிவதா? அந்தி சாய்ந்ததும் அவளைப் புருஷனிடமே திரும்பிப் போகச் சொல்லுங்கள்” என்றார் மகாராஜா, காலைச் சபையில்.

“பிரபு, கையை முறித்தது யாரென்று...” வெள்ளியம்பலம் இழுத்தான்.

“முரசு சொன்ன குற்றவாளியை அந்திக்குள் கொண்டு வா. அப்புறம் பார்க்கலாம்.”

அனந்தராயர் மீசைக்குள் சிரித்துக்கொண்டார்.

இதோ, கொண்டுவந்துவிட்டான்.

“முரசில் வந்த குற்றவாளி இது ஒன்றுதான், பிரபு. வேறு ஆளே அதில் கிடையாது. ஏய் சட்டி! ஒரு பெண்ணின் கையை ஏன் முறித்தாய்? சொல்! பாருங்கள், என்ன நெஞ்சழுத்தம்! சவுக்கடி கொடுக்கலாமா?”

சபை குலுங்கியது. மகாராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அனந்தராயர் முகம் மட்டும் கடுத்தது.

“மூடனே! சட்டி எங்காவது கையை முறிக்குமா?”

“நீங்கள் எழுதியதுதானே, அமைச்சரே? அரசாங்க முரசு பொய் சொல்லுமா? சட்டி எகிறிக் குதித்திருக்கும்.”

“அடச்சீ! கதவிடுக்கில் வைத்துச் சாத்தினால் முறியும். குழம்பு பட்டா முறியும்?”

வெள்ளியம்பலம் சங்கிலியைக் கீழே போட்டான்.

“கதவா? முரசில் கதவே வரவில்லையே, ஐயா! அவள் கைக்குக் கட்டுப் போட்ட வைத்தியர் அதை மகாராணியாரிடமும் என்னிடமும் மட்டும்தானே சொன்னார்?”

சிரிப்பு அறுந்தது. மகாராணி மெல்லத் தலையசைத்தாள். அனந்தராயர் திறந்த வாய் மூடாமல் நின்றார், அந்தச் சட்டியைப் போலவே.

மகாராஜா மறுபடி சிரித்தார். இந்தச் சிரிப்பில் பல் மட்டும்தான் இருந்தது.

“வெள்ளியம்பலம், என்ன பரிசு வேண்டும்?”

“இன்றைய மாலை முரசை நான் எழுத வேண்டும், பிரபு.”

அந்தி சாய்ந்தது. குமுதவல்லி அந்தப்புரத்திலேயே இருந்தாள். சட்டியிலிருந்து கழன்ற சங்கிலி வேறு கைகளில் ஏறியிருந்தது. தெருத் தெருவாக முரசு முழங்கியது:

“தன் மனைவி குமுதவல்லியின் கையைக் கதவிடுக்கில் வைத்து முறித்தவன், முரசமைச்சன் அனந்தராயன்!”