பூவாயி காட்டிய சான்று

வீட்டு வேலைக்கு வருவோரால்தான் திருட்டு நடக்கிறது என்று தாமாகவே முடிவுகட்டிய குடியிருப்போர் சங்கச் செயலர் சபேசன், பன்னிரண்டு ஆண்டுகளாக அங்கே பாத்திரம் துலக்கும் பூவாயியை வாயிலில் மறித்தார்.

"நீ யோக்கியம்னு அரசு அதிகாரிகிட்ட எழுதி வாங்கிட்டு வா. அப்புறம்தான் உள்ளே விடுவேன்!"

பூவாயி தன் சுருக்குப்பையை வாயிற்காவலரின் மேசைமேல் கொட்டினாள். ஒன்பது சாவிகள் விழுந்தன.

"பாத்தீங்களா, கையும் களவுமா மாட்டிக்கிட்டா!" என்று அவர் கூவ, குடியிருப்போர் கூடினர்.

"ஊருக்குப் போறப்ப செடிக்குத் தண்ணி ஊத்தச் சொல்லி ஒன்பது வீட்டுக்காரங்க கொடுத்த சாவிங்க, ஐயா. இதைவிடப் பெரிய சான்று எந்த அதிகாரி தருவாரு? பச்சைக் கயிறு கட்டினது உங்க வீட்டோடது. நம்பிக்கை இல்லேன்னா எடுத்துக்குங்க."

சபேசனின் கை நீளுமுன், அவர் மனைவி அச்சாவியை எடுத்துப் பூவாயியின் கையிலேயே வைத்தார்.

"நீ உள்ளே போம்மா. இவர் போய்ச் சான்று வாங்கிட்டு வரட்டும்."