ஆளுக்கு ஓர் அகப்பை

"இந்த மஞ்சள் சரியா இருக்குமா அம்மா?"

செங்கமலம் பெயிண்ட் வாளியை மடத்து வாசலில் இறக்கி வைத்தாள்.

மடத்துச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்த பூரணி எட்டிப் பார்த்தாள். மடத்துத் துறவி; செங்கமலத்தைவிட இருபது வயது இளையவள். ஆனாலும் ஊரே அவளை அம்மா என்றுதான் கூப்பிடும்.

"மஞ்சள் எங்கேக்கா?"

வாளியில் இருந்தது கஞ்சித்தண்ணி நிறம்.

"டப்பாவைத் திறக்கறப்போ பூசணிப்பூ மாதிரி பளிச்சுன்னுதான் இருந்துச்சு."

"அப்புறம்?"

"கொழுந்தனார் வந்தாரு. புருஷன் போனவ வீட்டுக்கு மஞ்சளான்னு கேட்டாரு. ஒரு அகப்பை வெள்ளை ஊத்தினேன்."

"ம்."

"நாத்தனா கண்ணு கூசுதுன்னா. இன்னொரு அகப்பை. மகன் போன்ல பார்த்துட்டு, கல்யாண மண்டபமாம்மான்னு சிரிச்சான். அதுக்கு ஒண்ணு. எதிர்வீட்டுக்காரிக்கு ஒண்ணு."

அந்த எதிர்வீட்டுக்காரி தன் வீட்டுக்கு என்ன நிறம் அடிக்கிறாள் என்று ஒருநாளும் யாரும் கேட்டதில்லை. கட்டியவன் உயிரோடு இருந்தால் சுவருக்குக்கூட ஒரு மரியாதை.

"இப்ப எல்லாருக்கும் பிடிச்சிருக்கா?"

"பிடிச்சிருக்கு."

"உங்களுக்கு?"

செங்கமலம் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளுக்கு மஞ்சள் சுவர்மேல் ஆசை. முப்பத்திரண்டு வருஷம் மாமியார் வெள்ளை என்றாள், புருஷன் நீலம் என்றான். இருவரும் போய்ச் சேர்ந்த பிறகுதான் கடைக்குப் போய்த் தானே இரண்டு டப்பா வாங்கி வந்தாள்.

"பொங்கலுக்கு மூணு நாள்தான் இருக்கு. நாளைக்குப் பெயிண்டர் வர்றாரு. இன்னொரு டப்பா பிரிக்காம அப்படியே இருக்கு. நீங்க ஒரு வார்த்தை சொன்னா அதையே அடிச்சிடுவேன். யாராவது கேட்டா, பூரணியம்மா சொன்னாங்கன்னு சொல்லிடுவேன்."

பூரணி தன் சட்டியிலிருந்த சுண்ணாம்பை ஓர் அகப்பை மொண்டாள். செங்கமலத்தின் வாளியில் ஊற்றினாள். குச்சியால் நன்றாகக் கலக்கியும் விட்டாள்.

"ஐயோ, என்ன பண்றீங்க?"

"என்கிட்டயும் கேட்டீங்க இல்ல? இது என் பங்கு."

செங்கமலத்துக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பெரியவர்கள், சாமியார்கள் என்று பார்த்துப் பேசியே பழகிய வாய் அன்று அதை மறந்தது.

"அது என் வீடு. நீங்க யாரு அதுல ஊத்த?"

"அதானே," என்றாள் பூரணி. பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டாள்.

செங்கமலம் வாளியை அங்கேயே விட்டுவிட்டு விறுவிறுவென்று வீட்டைப் பார்த்து நடந்தாள்.

பெயிண்டர் வரும்வரை அவளுக்குப் பொறுமை இல்லை. பிரிக்காத டப்பாவைப் பிரித்தாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏணி போட்டு ஏறினாள். பின்கட்டிலிருந்து தொடங்கவில்லை. தெருவைப் பார்த்த சுவரிலேயே முதல் இழுப்பு விழுந்தது.

சேதி கேட்டுக் கொழுந்தனார் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். பாதிச் சுவர் வெயிலில் தகதகத்துக்கொண்டிருந்தது.

"யாரைக் கேட்டு அண்ணி இதை அடிக்கிறீங்க?"

செங்கமலம் பிரஷ்ஷை டப்பாவில் ஆழ முக்கினாள்.

"தள்ளி நில்லுங்க தம்பி. வெள்ளை வேட்டி, மேல தெறிக்கும்."